புக்கிட் ரோத்தானில் சுருட்டைக் கீரை

நான் கேட்டது கைலான் என்ற சீனக் கீரையின் விதை. வந்தது வேறு. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து வாரம் ஆனது.

முப்பது வருஷத்துக்கு மேல் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன் நான். சபாக் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்கும், ஆலையிலிருந்து மறுபடி தோட்டத்துக்குமாக ஓடிய ஓட்டத்தில் வலது முட்டி தேய்ந்துபோனது. டாக்டர் லோரியை விடச் சொன்னார். விட்டேன். முதல் வாரம் தூங்கினேன். இரண்டாவது வாரம் வீட்டிலிருந்த எல்லாக் கதவுக்கும் எண்ணெய் போட்டேன். மூன்றாவது வாரம், "கொஞ்சம் வெளிய போய் நில்லுங்களேன்" என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

வெளியே என்றால், புக்கிட் ரோத்தானில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பில், எங்கள் வீட்டுச் சுவருக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒன்பது அடி அகலத்தில் நீளமாகக் கிடக்கும் மண். எங்களுடையது மூலை வீடு. அந்தத் துண்டு நிலத்தில் அதுவரை துணி காயப்போடும் கம்பியும் ஒரு கறிவேப்பிலை மரமும் மட்டுமே இருந்தன. கடலோரத்துக் களிமண். மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும், வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நெல் வயல் பக்கமிருந்து எரித்த உமி நாலு மூட்டை, கோழி எரு இரண்டு மூட்டை கொண்டுவந்து கொட்டி, முட்டி வலிக்க வலிக்கக் கொத்தினேன். முதலில் பாயாம் கீரை போட்டேன். வந்தது. கங்கோங் போட்டேன். அதுவும் வந்தது. துணிச்சல் வந்துவிட்டது. அடுத்தது கைலான் என்று முடிவு செய்து, போனிலேயே விதை வாங்கினேன். போனில் நான் வாங்கிய முதல் சாமான் அதுதான். ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில், ஆங்கிலத்தில் நாலே எழுத்து ஒட்டி வந்தது. கைலானைச் சுருக்கி எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

விதை ஐந்தாம் நாளே முளைத்தது. முப்பத்தொரு நாற்று. கைலான் நாற்று எப்படி இருக்குமோ அப்படியேதான் இருந்தது. மூன்றாவது வாரம்தான் கோளாறு தெரிந்தது. புதிதாக வந்த இலைகளெல்லாம் ஓரம் சுருண்டு, நெளிந்து, கசக்கிப் போட்ட கடுதாசி மாதிரி வந்தன. மிளகாய்ச் செடியில் இலை சுருண்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சீக்கு. ஒரு செடிக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் பரவும்.

நான் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி அடித்தேன். சுருட்டை இன்னும் கூடியது. சாம்பல் தூவினேன். இன்னும் கூடியது. கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, ரொம்பவும் சுருண்டிருந்த இருபது செடிகளைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். நல்லாயிருந்ததைத்தான் பிடுங்கினேன் என்று இப்போது தெரிகிறது.

மிச்சம் பதினொன்று. அதிலிருந்து ஓர் இலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு டவுனில் உரம் விற்கும் சீனர் கடைக்குப் போனேன். கடை முதலாளி தவுக்கே கண்ணாடியை மாட்டிக்கொண்டு இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"சாக்கிட் தாடா லா, அங்கிள்!"

சீக்கெல்லாம் ஒன்றுமில்லை, இலையே இப்படித்தான் இருக்குமாம். பெயர் கேல். வெள்ளைக்காரர்கள் சாப்பிடுவது, கோலாலம்பூரில் பெரிய பெரிய கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்கள் என்றார். "இந்தச் சூட்டில் நீ எப்படி வளர்த்தாய்?" என்று மலாயில் கேட்டார். நான் மருந்து கேட்டுப் போனவன். பாராட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். வீட்டுக்கு வந்ததும் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாசலிலேயே என் மனைவி, "என்னாங்க, உங்க கைலானுக்கு என்னா சீக்காம்?" என்று கேட்ட தொனியில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"யார் சொன்னா கைலான்னு? இது கேல். ஒடம்புக்கு நல்லதுன்னு நான்தான் தேடி வாங்குனேன். ரத்தத்துல உள்ள கொழுப்பெல்லாம் கொறையும்."

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். "அப்படியா?" என்றாள்.

என் மனைவி தமிழ்ப்பள்ளி கேன்டீனில் சமையல் செய்கிறவள். இருநூறு பிள்ளைகளுக்கு ஒற்றை ஆளாக மீ கோரேங் நூடுல்ஸ் கிளறுவாள். அவள் எந்தச் சாமானையும் சும்மா விடமாட்டாள். மறுநாள் காலை ஐந்தரைக்கு, அவள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், மேசையில் ஒரு பெரிய கிளாஸ் வைத்தாள். உள்ளே கரும்பச்சையாக, நுரை கட்டி, லோரி டேங்கில் அடியில் தங்குமே, அந்த மாதிரி ஒன்று.

"கேல் ஜூஸ். பச்ச ஆப்பிளு, இஞ்சி, கேலு. கொழுப்புக்கு நல்லதாம். போன்ல பாத்தேன். குடிங்க லா."

குடித்தேன். பச்சைப் புல்லை மென்று தின்ற மாதிரி இருந்தது. தொண்டையில் இறங்கும்போது சின்னச் சின்ன நாராக ஒட்டிக்கொண்டது. "எப்படி இருக்கு?" என்றாள். "நல்லாதான் இருக்கு" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதற்கு முன்னால் கூட ஒரு கிளாஸ். ஆராதனையில் பாடல் பாட வாய் திறந்தால் எனக்கே கேல் வாடை அடித்தது. பதினான்கு நாள் குடித்தேன். பதினைந்தாம் நாள் கிளாஸைக் கையில் எடுத்தவன் திரும்ப மேசையில் வைத்தேன்.

"இங்க பாரு. நான் கைலான்தான் வாங்குனேன். தப்பா வந்துருச்சு. சீக்குன்னு நெனைச்சு இருபது செடிய வேற புடுங்கிப் போட்டேன். போதுமா?"

அவள் அடுப்படியில் நின்றபடி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"அந்தப் பாக்கெட்டு வந்தன்னிக்கே நான் படிச்சிட்டேங்க. கேலுன்னுதான் போட்டிருந்துச்சு. எத்தன நாளு குடிப்பீங்கன்னு பாத்தேன். ஒரு வாரம்தான் தாங்கும்னு நெனைச்சேன். பரவால்ல, ரெண்டு வாரம் குடிச்சிட்டீங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் சிரித்தேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் காலை ஐந்தரைக்குச் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நான் லோரி ஓட்டிய நாளெல்லாம் அவள் எழுவதற்கு முன்பே கிளம்பிவிடுவேன்.

ஜூஸ் நின்றது. ஆனால் செடி நிற்கவில்லை. பதினொன்றும் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டன. கீழ் இலையை ஒடிக்க ஒடிக்க மேலே புதிதாக விட்டது. என் மனைவி அதைப் பருப்பில் போட்டுப் பார்த்தாள். பருப்பு வெந்து குழைந்தது, இலை அப்படியே கிடந்தது. கடைந்து பார்த்தாள். மத்தில் சுற்றிக்கொண்டது. கங்கோங் மாதிரி, இறால் மணக்கும் சம்பல் பிளாச்சான் போட்டு வதக்கியபோது சம்பல் நன்றாக இருந்தது. கீரையை நான் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தேன். "துணி மாதிரி இருக்கு" என்றேன். "துணின்னா தொவைக்கலாம்" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு டீச்சர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

டீச்சர் யாழ்ப்பாணத்துத் தமிழர். அவருடைய அப்பா ஒரு காலத்தில் தோட்டத்தில் கிராணியாக, கணக்கெழுதுபவராக இருந்தவர். டீச்சர் பல வருஷம் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதுக்கு மேல். கணவர் இல்லை. ஒரே தங்கை கல்யாணமாகிக் கனடாவுக்குப் போய் நாற்பது வருஷம் ஆகிறது. தினம் காலை எட்டு மணிக்குத் தங்கையிடமிருந்து போன் வரும். அங்கே அப்போது ராத்திரிச் சாப்பாட்டு நேரமாம். டீச்சர் போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவார். அதனால் அக்காவும் தங்கையும் என்ன சமைத்தார்கள் என்பது எங்களுக்கும் தினமும் தெரிந்துவிடும்.

"தம்பி, இது கேல் எல்லே?" என்று கேட்டார் டீச்சர். குரலே மாறியிருந்தது.

"ஆமா டீச்சர். தப்பா வந்து மொளைச்சது."

"என்ர தங்கச்சி படம் படமா அனுப்புவாள். அவளின்ர வளவு முழுக்க இதுதான். வறை வைக்கிறவள். இஞ்ச இது வளருமெண்டு நான் கனவிலயும் நினைக்கேல்ல."

ஒரு கைப்பிடி இலை கேட்டார். நான் இரண்டு கைப்பிடி ஒடித்துக் கொடுத்தேன். என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு, "டீச்சர், எப்படி செய்றீங்கன்னு நானும் வந்து பாக்கறேன்" என்று கூடவே போய்விட்டாள். எனக்கும் ஆவல். கதவோரம் நின்றேன்.

டீச்சர் முதலில் ஒவ்வோர் இலையிலும் நடு நரம்பை உருவி எடுத்தார். நாங்கள் அதோடு சேர்த்து வேகவைத்துக்கொண்டிருந்தோம். பிறகு இலைகளை அடுக்கி, சுருட்டு மாதிரி இறுக்கிச் சுருட்டி, நூல் நூலாக அரிந்தார். அவ்வளவு சன்னமாக அரிய முடியும் என்று எனக்குத் தெரியாது. சட்டியில் கொஞ்சம் எண்ணெய், கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய். கீரையைப் போட்டு மஞ்சளும் உப்பும் தூவி நாலு பிரட்டு. தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. தேங்காய்ப்பூவைப் போட்டு இன்னும் இரண்டு பிரட்டு. இறக்கிவைத்து எலுமிச்சம்பழம் பிழிந்தார். முழுசாக ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்றைக்கு நான் அந்த வறையோடு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். என் மனைவி நிதானமாக மென்றாள். பிறகு, "நரம்புதான் விஷயம்" என்றாள். சமையல்காரி தோற்றுப்போனால் அப்படித்தான் சொல்வாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, டீச்சர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. எனக்குப் பயமாகப் போய்விட்டது.

"தங்கச்சி வாறாள். டிக்கெட் எடுத்திட்டாளாம். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, ஒரு உதவி. அவளுக்கு முதல் சாப்பாடு இந்த வறைதான் வைக்கோணும். அவளுக்குச் சொல்லாதேங்கோ. இஞ்சயும் கேல் கிடக்கெண்டு அவள் நம்பமாட்டாள். கண்ணால பாக்கட்டும்."

அன்றைக்கே நான் புது விதை வாங்கினேன். இந்தத் தடவை கேல் என்றே கேட்டு வாங்கினேன். பழைய பதினொன்றும் வெயிலில் அடித்தண்டு முற்றி, இலை சிறுத்துக்கொண்டு வந்தன. புதிதாக இருபத்துநாலு நட்டேன். மேலே கறுப்பு வலை கட்டினேன். பச்சைப் புழு வந்தது. தினமும் காலையில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்துப் பொறுக்கினேன். நத்தை வந்தது. முட்டை ஓட்டை நொறுக்கிச் சுற்றிலும் கொட்டினேன். லோரிக்கு நான் இவ்வளவு பார்த்ததில்லை.

எல்லாம் சரியாகத்தான் வந்தது, ஒன்றைத் தவிர. கசந்தது. மழை இல்லாத மாதம். வெயில் தகரம் மாதிரி அடித்தது. ஓர் இலையைப் பிய்த்து மென்று பார்த்தால் நாக்கின் அடியில் கசப்பு நின்றது. அதற்கு முந்தைய வாரம்தான் டீச்சரின் போனில் தங்கை சொன்னதை நானே கேட்டிருந்தேன். "பனி கொட்டினதுக்குப் பிறகு பிடுங்கினா, அக்கா, சீனி போட்ட மாதிரி இருக்கும்."

அங்கே சீனி. இங்கே வேப்பிலை. கனடாவிலிருந்து வருகிறவர் வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தால் டீச்சர் என்ன ஆவார்? இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் தாமானுக்குக் காலையில் வேனில் மீன் கொண்டுவருகிறவர் ஒருவர் உண்டு. பதினொரு மணிக்கு வியாபாரம் முடிந்ததும் பெட்டியில் மிஞ்சிய ஐஸைக் கால்வாயில் கொட்டிவிட்டுப் போவார். நான் வாளியோடு போய் நின்றேன். "எதுக்கு?" என்றார். "செடிக்கு" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாளி நிறையக் கொட்டினார்.

செடிகளின் அடியைச் சுற்றி ஐஸைப் பரப்பினேன். வெண்மையாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பதினைந்து நிமிஷத்தில் தண்ணீராகிப் போனது. மறுநாளும் போட்டேன். மூன்றாம் நாளும். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. தங்கை வருவது வியாழன் ராத்திரி.

புதன் காலை என் மனைவி வாசல் கதவைத் திறந்தவள், "ஐயோ! வெளிய வந்து பாருங்க!" என்று கத்தினாள்.

ஏழு பூனை. தாமானில் உள்ள எல்லாப் பூனையும், தாமானில் இல்லாத இரண்டு பூனையும், என் கேல் பாத்தியில் இருந்தன. மூன்று நாளாக மீன் தண்ணீர் ஊறிய மண்ணை அவை தோண்டிப் பார்த்திருக்கின்றன. மீன் கிடைக்காத கோபத்தில் புரண்டிருக்கின்றன. ஒரு பெரிய மஞ்சள் பூனை இரண்டு செடிகளை மெத்தை போல மடித்து அதன்மேல் படுத்திருந்தது. நான் கத்தியபோதுகூட அது எழவில்லை.

பூனைகளை விரட்டிவிட்டு எண்ணிப் பார்த்தேன். உருப்படியாக நின்றது ஒன்பது செடி. மனைவியிடம் ஐஸ் கதையைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. இந்தத் தடவை இரண்டு வாரம் தள்ளிப்போடவில்லை.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. குனிந்து, சாய்ந்து கிடந்த ஒரு செடியைத் தூக்கி மண்ணை அணைத்தாள். "டீச்சருக்காக இவ்ளோ யோசிச்சீங்களா?" என்றாள். "ஒம்பது போதும்ங்க. நாலு பேருதான சாப்புடப் போறோம். கசப்புக்கு நான் பாத்துக்கறேன்." பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "மீன் தண்ணி!" என்றாள். அப்போதுதான் சிரித்தாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் சிரித்துக்கொண்டே போனதைப் பக்கத்துத் தெருக்காரர் பார்த்துச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டீச்சர் வீட்டில் சாப்பாடு. வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் மரக்கறிதான். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, ரசம், அப்பளம், மோர்மிளகாய். நடுவில், வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில், மலை மாதிரி கேல் வறை. என் மனைவி இலையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து கொடுத்திருந்தாள். டீச்சர் தேங்காயைக் கூடுதலாகவே போட்டிருந்தார்.

தங்கை டீச்சரைவிடக் குள்ளம், உரத்த குரல். வந்த களைப்பில் கண் வீங்கியிருந்தது. உட்கார்ந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். குனிந்து இன்னும் கிட்டத்தில் பார்த்தார்.

"அக்கா, இது என்ன? கேலா?"

"ஓம்!" டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இஞ்ச வளர்த்தது. இந்தத் தம்பிதான். உனக்காக."

தங்கை கையைத் தட்டிலிருந்து எடுத்தார். முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தோம். இல்லை, சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமினார்.

"ஐயோ அக்கா! நாற்பது வருஷமா இதைத்தான் தின்னுறன். வேற ஒண்டும் கிடையாமத்தான் இதைத் தின்னுறன்! இஞ்ச வந்து இறங்கினா முருங்கை இலை வறை, பொன்னாங்காணி எண்டு பிளேனில இருந்து நினைச்சுக்கொண்டு வந்தனான். எனக்குக் கேலா?"

டீச்சரின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. புழு பொறுக்கிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ படம் படமா அனுப்பிக்கொண்டே இருந்தனி" என்றார் டீச்சர். "விருப்பமெண்டு நினைச்சன்."

தங்கை சிரிப்பதை நிறுத்தினார்.

"அக்கா, நீ ஒவ்வொரு நாளும் போனில சொல்லுவாய். இண்டைக்கு வல்லாரைச் சம்பல், இண்டைக்கு முருங்கைக்காய்க் கறியெண்டு. எனக்குச் சொல்ல என்ன கிடந்தது? என்ர வளவில வந்தது அது ஒண்டுதான். அதைத்தான் படம் பிடிச்சன். என்னட்டயும் ஒரு தோட்டம் கிடக்கெண்டு உனக்குக் காட்டத்தான்."

டீச்சர் தங்கையின் இடக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "பனியில இனிக்குமெண்டு சொன்னதும் பொய்யோ?" என்று கேட்டார்.

"அது உண்மை. நல்லா இனிக்கும். ஆனா இனிக்கிற கீரை ஆருக்கு வேணும்?"

முதலில் சிரித்தது என் மனைவிதான். பிறகு டீச்சர். பிறகு எல்லோரும்.

என் மனைவி எழுந்து போனாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சந்தில் ஒரு முருங்கை நிற்கிறது, யார் நட்டது என்று தெரியாது. அதிலிருந்து இரண்டு கிளையை ஒடித்துக் கொண்டுவந்து தங்கையின் மடியிலேயே போட்டாள். "சாப்பிட்டுட்டு உருவுங்க. சாயந்தரம் செஞ்சிக்கலாம்" என்றாள். தங்கை சாப்பிடக் காத்திருக்கவில்லை. ஈரக் கையைத் துடைத்துவிட்டு, ஒரு காம்பைப் பிடித்து ஒரே இழுப்பில் இலையை உருவினார். பன்னிரண்டு வருஷம் முருங்கையைத் தொடாத கை என்று சொல்ல முடியாது. உருவிய இலையை மூக்கின் கிட்டே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

பிறகு, எனக்காகத்தான் இருக்க வேண்டும், கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி கேல் வறையைத் தட்டில் போட்டுக்கொண்டார். மென்றார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கைக்குது" என்றார்.

"வெயிலு" என்றேன். "ஐஸ் கூட போட்டுப் பாத்தேங்க."

ஐஸா என்று கேட்டார். என் மனைவி எல்லாவற்றையும் சொன்னாள், மஞ்சள் பூனை உட்பட. தங்கைக்குச் சோறு புரையேறிவிட்டது. டீச்சர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். தெளிந்ததும் தங்கை மறுபடியும் கிண்ணத்தை இழுத்தார்.

"இந்தக் கைப்பு நல்லாக் கிடக்கு. அங்கத்தைய கேலுக்கு இது இல்லை. இப்பதான் இது கீரை மாதிரிக் கிடக்கு." சொன்னதோடு நிற்கவில்லை, இன்னும் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார். மரியாதைக்காக ஒருவர் ஒரு கரண்டி சாப்பிடலாம். மூன்று கரண்டி சாப்பிடமாட்டார்கள்.

தங்கை மூன்று வாரம் இருந்தார். சாயந்தரம் ஆனால் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் பாத்திக்கு வந்துவிடுவார். நான் களை பிடுங்குவதில் குறை சொல்வார். பனிக்குள் கையுறை போட்டுக்கொண்டு கேல் தோண்டி எடுப்பதை நடித்துக் காட்டுவார். வியர்வை சொட்டச் சொட்ட, புக்கிட் ரோத்தான் வெயிலில், குளிரில் பல் கிட்டுவது போல நடிப்பார். டீச்சர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "போதும், ஆக்கள் பாக்கினம்" என்பார். அவர்கள் வீட்டில் முருங்கை, பொன்னாங்காணி, வல்லாரை, அகத்தி என்று முறை வைத்துச் சமைத்தார்கள். எங்கள் சந்து முருங்கை மொட்டையாகிவிட்டது.

அவர் போன அன்று டீச்சர் வெளியே வரவில்லை. இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போன் சத்தம் கேட்டது. "என்ன சமைச்சாய்?" என்று டீச்சர் கேட்டது எங்கள் அடுப்படி வரை வந்தது. என் மனைவி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். சரியாகிவிட்டார் என்று அர்த்தம்.

கேல் இன்னும் இருக்கிறது. ஜூஸ் இல்லை, கடையல் இல்லை. போன மாதம் என் மனைவி வடைமாவில் கீரைக்குப் பதில் அதைச் சன்னமாக அரிந்து போட்டுப் பார்த்தாள். எண்ணெயில் விழுந்ததும் சுருட்டை ஓரமெல்லாம் மொறுமொறுவென்று நிமிர்ந்துகொண்டது. கேன்டீனில் பிள்ளைகள் அதற்கு முள்ளு வடை என்று பெயர் வைத்துவிட்டார்கள். கீரையைக் கண்டால் தூர ஓடும் பிள்ளைகள், ஓய்வு மணி அடித்து ஐந்தாவது நிமிஷம் தட்டைக் காலி செய்துவிடுகிறார்களாம். தலைமையாசிரியர் ஒருநாள் அடுப்படிக்கே வந்து, "இது என்ன கீரைம்மா?" என்று கேட்டிருக்கிறார். "எங்க வீட்டுக்காரரு தப்பா வாங்குன கீரை சார்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவருக்கும் இரண்டு வடை கொடுத்தாளாம்.

அதனால் இப்போது எனக்கு மறுபடியும் வேலை வந்துவிட்டது. விடியும் முன்னே எழுந்து, இலை ஒடித்து, கழுவி, நரம்பு உருவி, பையில் கட்டித் தரவேண்டும். இன்றைக்குக் காலை பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பத்தாதுங்க. நாளைக்கு இன்னும் ரெண்டு பிடி சேத்து ஒடிங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனாள்.